ஜிம் பிரவுனுக்கு ஏழாவது இடமா?

அமெரிக்கக் கால்பந்தின் தலைசிறந்த பத்து வீரர்கள் என்று நீங்கள் போட்ட பட்டியலில், லீக்கின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலை ஏழு முறை ஜெயித்த டாம் பிரேடிக்கு முதலிடம் கொடுத்திருக்கிறீர்கள், சரி. அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 'ஒன்பது சீசன்தான் ஆடினார்' என்று சொல்லி ஜிம் பிரவுனை ஏழாவது இடத்துக்குத் தள்ளியதைத்தான் ஏற்க முடியவில்லை. அந்த ஒன்பதில் எட்டு சீசன்களில், பந்தோடு ஓடி அதிக யார்டு எடுத்தவர் அவர்தான். ஆட்டத்துக்குச் சராசரி 104 யார்டு. அதை இன்றுவரை யாரும் தொடவில்லை. 1965-ல் லீக்கின் மதிப்புமிக்க வீரர் விருதை வாங்கிவிட்டு, அடுத்த வருஷமே 30 வயதில் விலகினார். உச்சத்தில் இருக்கும்போதே போனவரை, நீண்ட நாள் ஆடவில்லை என்று குறை சொன்னால் எப்படி?

ஜெர்ரி ரைஸ் இரண்டாவது. நியாயம்தான், கேட்ச் பிடித்தே 22,895 யார்டு எடுத்தவர்.

அப்புறம் லாரன்ஸ் டெய்லர். முதல் பத்தில் ஒரே ஒரு தடுப்பாட்டக்காரர், அவரும் பத்தாவதா! 1985-ல் ஒரு திங்கள் இரவு ஆட்டத்தில் அவர் பாய்ந்து பிடித்ததில் வாஷிங்டன் அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஜோ தைஸ்மனின் கால் முறிந்தது. பதறிப்போய் எழுந்து, கையை வீசி மருத்துவர்களைக் கூப்பிட்டதும் டெய்லர்தான். இப்படிப்பட்டவர்களைச் சமாளிக்கத்தான் குவார்ட்டர்பேக்கின் இடதுபக்கத்தைக் காக்கும் வீரருக்கு அணிகள் கோடிகளைக் கொட்டத் தொடங்கின. அந்தக் காவல் வேலையில் அந்தோணி முன்யோஸை மிஞ்ச ஆள் இல்லை என்பேன். அவர் பெயர் பட்டியலிலேயே காணோம். புள்ளிவிவரத்தில் வராதவன் வீரனே இல்லையா?