கேமரா போடும் வேடம்

தானே வேடம் போட்டு, தன்னையே படமெடுத்து, 'பெண் என்றால் இப்படித்தான்' என்ற அச்சுகளைக் கேள்வி கேட்கும் படத்தொடர்கள் நிறைய வருகின்றன. பெரும்பாலானவற்றில் ஒரே குறை. விக், உடை, மேக்கப்புக்கு அவ்வளவு மெனக்கெடுகிறார்கள். கேமராவை மட்டும் முக்காலியில் கண் உயரத்தில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். இல்லத்தரசி, வில்லி, அபலை எல்லோரும் மாறுவேடப் போட்டிக்கு வந்தவர்கள் மாதிரி வரிசையாக நிற்கிறார்கள்.

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் சிண்டி ஷெர்மன் தானே வேடம் போட்டு, சினிமா ஸ்டில் போல 1977-80இல் எடுத்த 'அன்டைட்டில்டு ஃபிலிம் ஸ்டில்ஸ்' வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட எந்தத் திரைப்படத்தின் காட்சியும் அதில் இல்லை. ஆனாலும் எங்கோ பார்த்த மாதிரியே இருக்கும். 21ஆம் எண் படத்தில் கேமரா தாழ்ந்து நிற்கிறது, அவர் பின்னால் கட்டடங்கள் எழும்பி நிற்கின்றன, பார்வை சட்டத்துக்கு வெளியே எதையோ தேடுகிறது. நகரத்துக்குப் புதிதாக வந்த பெண் என்று நாமே கதை கட்டிவிடுகிறோம். அவர் தலையில் இருக்கும் தொப்பி மட்டும் அந்த வேலையைச் செய்யாது. முதல் ஃபிலிம் ரோலை வேண்டுமென்றே சூடான ரசாயனத்தில் கழுவினார், மலிவான விளம்பரப் படம்போல் சொரசொரப்பு வரட்டும் என்று.

1981இல் ஆர்ட்ஃபோரம் என்ற கலை இதழ் கேட்டு அவர் செய்த 'சென்டர்ஃபோல்ட்ஸ்' (ஆண்களுக்கான இதழ்களின் நடுப்பக்கப் பெண் படம்) வரிசையில் கேமரா மேலிருந்து கீழே பார்க்கிறது. 2 அடிக்கு 4 அடி அகலப் படம், பெரும்பாலும் படுத்திருக்கும் பெண். தப்பாகப் புரிந்துகொள்வார்கள் என்று இதழ் அதை வெளியிடவில்லை. அந்தப் பயம் முழுக்க அபத்தம் என்று நான் சொல்லமாட்டேன். ஆண்களுக்கான இதழ்களின் கோணத்தை அப்படியே கடன் வாங்கினால் அந்தக் கோணத்தின் ருசியும் கூடவே வந்துவிடும்.

செய்முறைக்கு வருவோம். முதலில் கேமரா உயரத்தை முடிவு செய்யுங்கள், உடையைப் பிறகு. இடுப்புக்குக் கீழே வைத்தால் அதிகாரம், தலைக்கு மேலே வைத்தால் பரிதாபம். ஒரே உடையில் இரண்டையும் எடுத்துப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். நீங்கள் நிற்கப்போகும் இடத்தில் ஒரு லைட் ஸ்டாண்டை நிறுத்தி அதில் ஃபோகஸ் செய்து, மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றிவிடுங்கள். தரையில் டேப் ஒட்டுங்கள். ஃபுல் ஃப்ரேம் (பழைய ஃபிலிம் அளவு சென்சார்) கேமராவில் 35 மி.மீ. லென்ஸ், எஃப்/8 துளை, 3 மீட்டர் தூரம் என்றால் ஏறக்குறைய 2 முதல் 7 மீட்டர் வரை தெளிவாக விழும். ஓரடி நகர்ந்தாலும் கெடாது.

10 நொடி டைமர் வேண்டாம். ஓடி வந்து நின்ற மூச்சு தோளில் தெரியும், கேமராவில் மினுக்கும் டைமர் விளக்குக்குக் கண் போய்விடும். ரிமோட்டில் 2 நொடி தாமதம் வையுங்கள், கையை ஒளிக்க அது போதும். இல்லையென்றால் 4 நொடிக்கு ஒரு படம் தானாக எடுக்கும்படி இன்டர்வெல் வைத்துவிட்டு வேலையில் மூழ்குங்கள். வெளியே பார்க்கும் பார்வைக்குச் சுவரில் நிஜமாக ஒரு பொருளை மாட்டுங்கள். வெற்றிடத்தைப் பார்க்கும் கண் வெற்றாகவே பதியும். கேமராவின் திரும்பும் திரையை உங்கள் பக்கம் திருப்பவே வேண்டாம். திருப்பினால் கண் லென்ஸை விட்டுத் திரைக்குப் போகும், முகம் தானாக அழகு காட்ட ஆரம்பித்துவிடும்.

விக்கின் ஓரம் தெரியலாமா? தெரியட்டும், ஆனால் தெரியவேண்டும் என்று முடிவெடுத்துக் காட்டுங்கள். அரைகுறையாக மறைத்தால் தவறாகத்தான் படும்.

பொத்தானை யார் அழுத்துகிறார்கள் என்பது பெரிய விஷயமில்லை. 2000-04இல் வந்த 'நேட்டிவ் விமன் ஆஃப் சவுத் இந்தியா' தொடரைக் கலைஞர் என். புஷ்பமாலா, தானே வேடம் போட்டு, ஒளிப்படக்காரர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்துதான் செய்தார். ரவிவர்மாவின் லட்சுமியும் அதில் உண்டு, தோடர் பெண்ணும் உண்டு. தோடர் படத்தில் பின்னணியாக நிற்பது அளவுக் கட்டங்கள். 1869இல் ஜான் லாம்ப்ரே மனித உடல்களை அளக்க 2 அங்குலச் சதுரங்களாக நூல் கட்டி வகுத்த முறையின் வாரிசு. அதனால் அங்கே விசாரணைக்கு வருவது பெண்ணில்லை, அளந்த கேமரா. ஷெர்மன் 1976இல் 'பஸ் ரைடர்ஸ்' தொடரின் சில படங்களில் முகத்தைக் கறுப்பாக்கிக்கொண்டு கறுப்பினப் பயணிகளாக நின்றார். அந்தப் படங்களில் கேமராவைக் கேள்வி கேட்கும் எதுவும் இல்லை. பின்னாளில் எழுந்த கண்டனம் நியாயமானதே.