வெள்ளைதான் வேண்டுமென்றால் வெள்ளையாகவே விற்கிறதே!

பழைய மர அலமாரிக்கு ஒருவர் வெள்ளையடிக்கிறாரே, அந்த வீடியோவைத்தான் சொல்கிறேன். ‘உனக்குப் பிடிக்குமே’ என்று ஆளாளுக்கு அனுப்பிவிட்டீர்கள். ஜார்ஜ் மன்னர்கள் இங்கிலாந்தை ஆண்ட ஜார்ஜியன் காலத்து மஹோகனி மர இழுப்பறை அலமாரிக்கு, பளபளப்பில்லாத வெள்ளை சாக் பெயிண்ட் அடிப்பதில் எனக்கு என்ன பிடிக்கும்?

அவர் டிராயரை வெளியே இழுக்கும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். பக்கப் பலகை மெல்லிய ஓக். மூலையில் கையால் அறுத்த டவ்டெயில் என்னும் புறாவால் வடிவ மூட்டுகள், ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. 1721-இல் அமெரிக்கக் காலனிகளின் மரத்துக்கு பிரிட்டன் இறக்குமதி வரியை நீக்கிய பிறகு வந்து குவிந்த மஹோகனி, இருநூறு வருஷத்துக்கு மேல் கைபட்டு, மெழுகு பட்டு ஏறிய நிறம். அதன் மேல் பிரஷ்!

‘அவர் பொருள், அவர் இஷ்டம்’ என்கிறீர்கள். சரிதான். ஆனால் இது ஏன் அவர் கைக்கு வந்தது? 2000-க்குப் பிறகு இந்தப் பழுப்பு மரச்சாமான்களின் விலை படுத்துவிட்டது. மலிவாகக் கிடைத்ததால் அடிக்கிறார். வெள்ளைதான் வேண்டுமென்றால் கடையில் வெள்ளையாகவே விற்கிறதே ஐயா!

‘அந்த மரத்தை வெட்டியவர்கள் அடிமைகள்.’ ஆமாம், ஜமைக்காவில் அப்படித்தான் வெட்டினார்கள். இதை லேசாகத் தள்ள எனக்கு வாய் வரவில்லை. பெயிண்ட் அடித்தால் அது இல்லையென்று ஆகிவிடுமா?

‘வெள்ளைக்காரன் சாமானுக்கு உனக்கென்ன துடிப்பு?’ கேட்டவர் கிரிக்கெட் பார்ப்பதை நிறுத்திவிட்டாரா?

இங்கிலாந்து வந்த புதிதில் சந்தையில் ஒரு வூஸ்டர் பீங்கான் கிண்ணம் வாங்கினேன். நீலப் பூ, அடியில் ஆலையின் பிறைக்குறி. 1751-இல் இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் தொடங்கிய ஆலை அது. மாக்கல் கலந்து செய்ததால் கொதிநீரை ஊற்றினாலும் விரிசல் விடாது என்று பெயர் வாங்கியது. என் கிண்ணம் எப்போதோ கீழே விழுந்து உடைந்திருக்கிறது. யாரோ பீங்கானில் நுண்ணிய துளை போட்டு, உலோகத் தையல் போட்டு இணைத்திருக்கிறார்கள். தூக்கிப்போட மனசு வராத யாரோ. வீட்டுக்கு வந்த நண்பர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “உடைஞ்சதையா காசு குடுத்து வாங்கினீங்க?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டம்மாவும்தான்.

சிரியுங்கள். ரசனை இல்லாதவன் பழைய பொருளை விட்டுவைத்தால் போதும், ரசிக்கக்கூட வேண்டாம். அதைக் கேட்டால் ‘பணக்காரப் புத்தி’ என்கிறீர்கள். தையல் போட்ட கிண்ணம் வாங்குகிற பணக்காரன் நான்!

அடுத்த வருஷம் வெள்ளை அலுத்துப்போய், ‘பெயிண்டை எப்படி எடுப்பது?’ என்று இன்பாக்ஸில் வராதீர்கள். அதைச் சுரண்டினால் அந்தப் பழைய நிறமும் சேர்ந்துதான் வரும்.