அப்பாயி காதில் ஈர்க்குச்சி

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா மகன் ஒரு படம் போட்டான். அப்பாயி, அதாவது என் அப்பாவின் அம்மா, உயிரோடு இருந்தபோது எடுத்த ஒரே படம் அதுதான். ஏதோ ஒரு ஏஐ செயலியில் கொடுத்துப் புதுசாக்கியிருந்தான். கறுப்பு வெள்ளை கலராகிவிட்டது. கறை எல்லாம் போய்விட்டது. அப்பாயி அரக்குச் சேலையில் பளிச்சென்று நிற்கிறாள், காதில் ஜிமிக்கியோடு. அத்தை அதைப் பார்த்து அழுதுவிட்டதாகச் சொன்னார். நானும் அழுதேன். என் அழுகைக்குக் காரணம் வேறு.

அது 1978 பொங்கலன்று எடுத்த படம். ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். எனக்கு ஆறு வயது. அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான், 1977 நவம்பர் 12 அன்று, நாகப்பட்டினத்தை ஒட்டிப் புயல் கரையைக் கடந்தது. எங்கள் சம்பாப் பயிர் மூழ்கி, தண்ணீர் வடியாமல் அழுகிப்போனது. புதுநெல் இல்லாத பொங்கல். அம்மாவின் தம்பி, என் மாமா, யாரிடமோ ஆக்ஃபா கிளிக் கேமராவை இரவல் வாங்கி வந்திருந்தார். ஒரு சுருளுக்கு 12 சதுரப் படம்தான். எங்கள் வீட்டுப் பங்குக்கு ஒன்று. வெயில் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று எடுத்ததால் மாமாவின் நிழல் எங்கள் காலடி வரை நீண்டு கிடக்கும். பின்னால் மண்சுவர். அதில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு கோடு ஓடும். வெள்ளம் நின்ற கோடு.

அப்பாயி காதில் தோடு இல்லை. தோடு திருத்துறைப்பூண்டி அடகுக் கடையில் இருந்தது. சாப்பாட்டு நெல்லுக்கும் அடுத்த வெள்ளாமைக்கு விதைநெல்லுக்கும் வேறு வழி இருக்கவில்லை. காதுத் துளை தூர்ந்துவிடாமல் இருக்க விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சி ஒடித்துச் செருகியிருந்தாள். படம் எடுக்கும்போது பக்கத்து வீட்டு அக்கா தன் தோட்டைக் கழற்றிக் கொடுத்தார்களாம். "நம்ம காது எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும் தாயி" என்று அப்பாயி சொல்லிவிட்டாளாம். அந்தத் தோடு திரும்பி வரவில்லை. வட்டி ஏறி மூழ்கிப்போனது.

படம் கூடத்தில் தொங்கியது. மழைக்காலத்தில் வெளியே போக முடியாத நாட்களில் அதன் கீழேதான் உட்கார்ந்திருப்போம். இந்தக் கதையை அப்பாயி நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். ஒரு தடவைகூட வருத்தத்தோடு சொல்லவில்லை. மாமாவின் நிழலைக் காட்டி, "ஆளைக் காணோம், நிழல் மட்டும் வந்திருக்கு பாரு" என்று சிரிப்பாள்.

இன்று நான் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நகைக்கடன் பிரிவில் இருக்கிறேன். ஜூன் 12 மேட்டூர் அணை திறக்கும் நாள் நெருங்கினால் குறுவைச் சாகுபடிச் செலவுக்கு நகைகள் வர ஆரம்பிக்கும். சங்கிலி, வளையல் வந்தால் ஒன்றும் தோன்றாது. கழுத்தும் கையும் ஏற்கெனவே வெறுமையாக இருக்கிற ஒரு அம்மா, கடைசியாகக் காதில் கை வைக்கும்போது என்னால் சாதாரணமாக இருக்க முடியாது. அவர்களை எல்லோருக்கும் முன்னால் கழற்ற விடமாட்டேன். உள்ளே நாற்காலி போட்டு உட்கார வைப்பேன். எடை, மதிப்பு, வட்டி, மீட்க வேண்டிய தேதி எல்லாம் இரண்டு தடவை சொல்வேன். கெடு நெருங்கினால் போன் செய்வேன். இதை எனக்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. அந்தப் படத்தில் இருந்த காதுதான் சொல்லித்தந்தது. அதில் ஜிமிக்கி இருந்திருந்தால் நான் இந்த நாற்காலியில் வேறு ஒருத்தியாக உட்கார்ந்திருப்பேன்.

2018 நவம்பர் 16, கஜா புயல். ஓடு பறந்து, படமும் நனைந்தது. பழைய படத்தாளின் மேல் பூச்சு ஜெலட்டின். ஈரம் பட்டால் ஊறி, காயும்போது கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். மன்னார்குடியில் ஸ்டூடியோக்காரர் ஒருவர், "உரிக்காதீங்கம்மா, முகம் கண்ணாடியோட வந்துடும்" என்று தடுத்து, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்து கொடுத்தார். நல்ல மனிதர். அதனால் வலது ஓரம் மேகம் மாதிரி ஒரு கறை. ஆக, அந்த ஒரு படத்தில் இரண்டு புயல் இருக்கிறது. 1977 சுவரில் கோடாக, 2018 தாளில் கறையாக.

செயலி இரண்டையும் துடைத்துவிட்டது. சுவருக்கு வெள்ளையடித்துவிட்டது. மாமாவின் நிழலையும் எடுத்துவிட்டது.

தம்பி ஆசையாகத்தான் செய்தான், அவன் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் மறுநாள் அவன் மகள் போனில் கேட்டாள்: "அத்தை, கொள்ளுப்பாட்டியோட ஜிமிக்கி இப்ப யார்கிட்ட இருக்கு?" ஒரே ராத்திரியில் எங்கள் குடும்பத்துக்கு இல்லாத ஒரு ஜிமிக்கி வந்துவிட்டது. அதற்கு ஒரு வாரிசும் தேடுகிறோம்.

இது குழந்தைகளுக்கு மட்டும் நடப்பதில்லை. 2002இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வில் 20 பெரியவர்களிடம் அவர்களுடைய சிறுவயதுப் படங்களோடு, வெப்பக்காற்று பலூனில் பறப்பது போல ஒட்டுவேலை செய்த ஒரு படத்தையும் காட்டினார்கள். யாருமே அப்படிப் பறந்தவர்கள் இல்லை. சில நாட்கள் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டபோது, பாதிப் பேருக்கு அந்தப் பயணம் கொஞ்சமாவது 'ஞாபகம்' வந்துவிட்டது. என் விஷயத்திலேயே பாருங்கள். அப்பாயி ஈர்க்குச்சி ஒடித்ததை நான் கண்ணால் பார்த்தேனா, படத்தையும் கதையையும் வைத்து நானே பார்த்ததாக நினைக்கிறேனா, பிரித்துச் சொல்ல முடியவில்லை. மனசு படத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறது. அந்தப் படத்தில் கை வைக்கும்போது யோசிக்க வேண்டாமா?

கிழிந்ததை ஒட்டுங்கள், மங்கியதைத் தெளிவாக்குங்கள், அதெல்லாம் சரி. இல்லாத நகையைப் போடாதீர்கள். அப்படியே ஆசைப்பட்டுச் செய்தாலும் அசலை அழிக்காதீர்கள். பின்னால் யார், எந்த வருஷம், என்ன நிலைமை என்று ஒரு வரி எழுதி வையுங்கள். நம் பக்கத்தில் கூரையும் ஓடும் எத்தனை தடவை போயிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வீட்டில் ஒரு படம் தப்பிப் பிழைப்பதே பெரிய விஷயம்.

நேற்று குழுவில் பழைய படத்தையே திரும்பப் போட்டேன். தம்பி மகள் உடனே கூப்பிட்டாள். காதில் என்ன என்று கேட்டாள், சொன்னேன். அப்புறம் அந்தக் கோடு என்ன என்று கேட்டாள், அதையும் சொன்னேன். "லீவுக்கு வரும்போது அந்தச் சுவரைக் காட்டுறியா அத்தை?" என்றாள். சுவர் கஜாவிலேயே விழுந்துவிட்டது. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னேன்.