ஃபோகஸ் எட்டாத டெலஸ்கோப்பை "போட்டோ எடுக்கலாம்"னு விக்காதீங்க

இனி யாராவது "கேமராவுலதான் கோளாறு இருக்கும், சர்வீஸுக்குக் குடுத்துப் பாருங்க"ன்னு சொன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும். கேமராவுல ஒரு கோளாறும் இல்ல. அதோட சொந்த லென்ஸைப் போட்டு ஏற்காடு லேடீஸ் சீட்ல நின்னா, கீழ சேலத்துல எரியுற விளக்கெல்லாம் தனித்தனியா, சுத்தமா விழுது. அதையே டெலஸ்கோப்புல மாட்டினா ஒரு நட்சத்திரம்கூட புள்ளியா வரல. எல்லாம் நடுவுல ஓட்டையோட உளுந்து வடையா நிக்குது. கேமரா மாட்டின குழாயை உள்ளயும் வெளியயும் நகர்த்துற ஃபோகஸர் திருகைத் திருப்பத் திருப்ப வடை சின்னதாகுது. இன்னும் கொஞ்சம் போனா புள்ளியாயிடும்னு நினைக்கிற நேரத்துல குழாய் முட்டி நின்னுடுது. அதுக்கு மேல உள்ள போகாது.

என்னோடது 130 மி.மீ கண்ணாடி, 650 மி.மீ குவியத்தூரம் உள்ள நியூட்டன் வகை டெலஸ்கோப். கண்ணால பார்க்கிறதுக்குன்னு அளவு வெச்சுச் செஞ்சது. கண்ணை வெச்சுப் பார்க்கிற லென்ஸை, அதான் ஐபீஸைப் போட்டா சனியோட வளையம் அழகா தெரியும், அதுல குறையே சொல்ல மாட்டேன். ஆனா டிஎஸ்எல்ஆர் கேமராவுல படம் விழுற சென்சார் வெளிப்பக்கம் இல்ல, உள்ள தள்ளி இருக்கு. லென்ஸ் மாட்டுற வாய்லேர்ந்து, கேனான் இஎஃப் மவுன்ட்ல 44 மி.மீ உள்ள. அதுக்கு முன்னாடி கேமராவை டெலஸ்கோப்போட இணைக்கிற டி-ரிங் வளையத்தை மாட்டினா மொத்தம் 55 மி.மீ. அவ்வளவு தூரத்தையும் ஈடுகட்ட ஃபோகஸர் உள்ள இறங்கணும். இறங்க இடமே வெக்காம செஞ்ச சாமானுக்கு அட்டைப்பெட்டியில "கேமரா பொருத்தலாம்"னு கொட்டை எழுத்துல போட்டிருக்காங்க. பொருத்தலாம், உண்மைதான். படம் விழாதுன்னு யார் சொல்றது? அந்த டி-ரிங்கையும் அதே கடையிலதான் என் தலையில கட்டினாங்க.

திரும்பக் கேட்டா, "பார்லோ லென்ஸ் வாங்கிப் போடுங்க சார், சரியாயிடும்"னு பதில். ஆமா, பார்லோங்கிறது குவியத்தூரத்தை நீட்டுற லென்ஸ், அதைப் போட்டா குவியம் வெளிய தள்ளி விழும், ஃபோகஸ் கிடைக்கும். அதுக்கு நான் குடுக்கிற விலை என்னன்னு சொன்னீங்களா? 2 மடங்கு பார்லோவுல 650 மி.மீ 1300 ஆயிடுது, குவியத்தூரத்தைக் கண்ணாடி அகலத்தால வகுத்தா வர்ற எஃப் எண் எஃப்/5லேர்ந்து எஃப்/10 ஆயிடுது. அதே வெளிச்சம் சேரணும்னா 4 மடங்கு நேரம் திறந்து வெக்கணும். என் சென்சார்ல அகலவாக்குல ஒரு டிகிரி வானம்கூட முழுசா அடங்காது. கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் கிட்டத்தட்ட 2 டிகிரி விரிஞ்சு கிடக்கு. நான் ஆசைப்பட்டதே அதைத்தான். நிலாவும் கோளும் போதும்னா ஐபீஸ் இடத்துல சொருகுற சின்ன கேமரா இருக்கு, அது பெரும்பாலும் தகராறு இல்லாம ஃபோகஸ் ஆகும். வாங்கறப்பவே இதைச் சொல்லியிருக்கலாமே!

இதை விடக் கொடுமை, "எதிர்ல இருக்கிற செல்போன் டவரைப் பார்த்து ஃபோகஸ் பண்ணி வெச்சுக்கோங்க, ராத்திரி அப்படியே எடுங்க"ங்கிற யோசனை. ஒரு கிலோமீட்டர்ல இருக்கிற டவருக்கும் நட்சத்திரத்துக்கும் என் டெலஸ்கோப்புல குவியம் 0.4 மி.மீக்கு மேல தள்ளி விழும். எஃப்/5ல ஃபோகஸ் தாங்குற இடமே மொத்தம் 0.07 மி.மீதான். ஆறு மடங்கு வித்தியாசம்! இதை அடிச்சுச் சொல்றவங்க ஒரு நாளாவது ராத்திரி வெளிய நின்னிருப்பாங்களா?

அந்த 0.07ஐப் பிடிச்சாலும் அது நிக்கிறதில்ல. சேலம் வெக்கையில கிடந்த டியூபை வண்டியில போட்டு, 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, 1500 மீட்டர் உயரத்துல இறக்குறோம். குளிர் ஏற ஏற இரும்பு சுருங்கும், மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு சுமார் 12 மைக்ரான். என் டியூபுக்குப் பத்து டிகிரி இறங்கினா கிட்டத்தட்ட 0.08 மி.மீ. முடிஞ்சது, சாயங்காலம் வெச்ச ஃபோகஸ் போயே போச்சு. அட்டையில கோடு கோடா வெட்டின பாக்டினோவ் மாஸ்க்கை முன்னாடி மாட்டி, பிரகாசமான நட்சத்திரத்தைப் பார்த்து, அதைச் சுத்தித் தெரியுற மூணு ஒளிக்கோட்டுல நடுக்கோடு மத்த ரெண்டுக்கும் சரிநடுவுல வர்ற வரைக்கும் திருகைத் திருப்பணும். குளிர் நிலைக்கிற வரைக்கும் இதைத் திரும்பத் திரும்பச் செய்யணும். மாஸ்க்ல கோடு சரியா இருந்தும் நட்சத்திரம் ஊதித் தெரிஞ்சா திருகைத் தொடாதீங்க, உள்ள இருக்கிற சின்னக் கண்ணாடியில டார்ச் அடிச்சுப் பாருங்க. ஏற்காட்டுப் பனி அதுலதான் படிஞ்சிருக்கும். நட்சத்திரத்துக்கெல்லாம் ஒரே பக்கம் வால் முளைச்சிருந்தா கண்ணாடி சாய்ஞ்சிருக்கு. இது ஒண்ணையாவது கூட வர்ற கையேட்டுல தமிழ்ல எழுதியிருக்காங்களா? இங்கிலீஷ்லகூட இல்ல.

பக்கத்து ஜவ்வாது மலையில, காவலூர்ல, நம்ம நாட்டுலயே செஞ்ச 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986லேர்ந்து நிக்குது. அதோட பெரிய கண்ணாடி நேரா வெளிச்சத்தைக் குவிக்கிற முதன்மைக் குவியத்துலயே (இங்கிலீஷ்ல பிரைம் ஃபோகஸ்) கேமரா வெச்சுப் படம் எடுத்திருக்காங்க. அதுக்கு இவ்வளவு கிட்ட இருக்கிற ஊர்ல, பிரைம் ஃபோகஸ்னு சொன்னா டெலஸ்கோப் விக்கிறவருக்கே முழி பிதுங்குது.

எனக்காவது சம்பளம் வருது. உண்டியல் காசைச் சேர்த்து வாங்குற பள்ளிக்கூடப் பசங்க என்ன செய்வாங்க? ரெண்டு அமாவாசைக்கு முட்டி மோதிப் பார்த்துட்டு, தனக்குத்தான் தெரியலன்னு நினைச்சு டெலஸ்கோப்பைப் பரண்ல ஏத்திடுறாங்க. அந்தப் புள்ளைங்க மேல ஒரு தப்பும் இல்ல. அதை நினைச்சாத்தான் எனக்கு வயிறு எரியுது.

விக்கிறவங்களே, பெட்டியில ஒரே ஒரு வரி சேருங்க: ஃபோகஸரை முழுசா உள்ள தள்ளினா அதோட விளிம்புக்கு வெளிய எத்தனை மில்லிமீட்டர்ல நட்சத்திரம் புள்ளியாகுது? அந்த எண் 55ஐத் தாண்டலன்னா "டிஎஸ்எல்ஆர் கேமராவுக்கு ஆகாது"ன்னு தமிழ்ல அச்சடிங்க. நான் இப்போ பெரிய கண்ணாடியோட தாங்குதட்டைக் கழட்டி, நீளமான போல்ட் போட்டு, குவியம் வெளிய தள்ளி விழட்டும்னு கண்ணாடியை மேல ஏத்திக்கிட்டு இருக்கேன். காசு குடுத்து வாங்கினவன் ஸ்பேனரோட உக்காந்து செய்ய வேண்டிய வேலையா இது?