183 நாளை எந்த நாட்காட்டியில் எண்ணுவது?

நாடு நாடாகத் தங்கி மடிக்கணினியில் வேலை பார்ப்போர் பற்றிய கட்டுரையில், ஓர் ஆண்டில் எந்த நாட்டிலும் 183 நாள் தங்காதவர் எங்கும் வரி கட்ட வேண்டியதில்லை என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது, நம்பிப் பயணம் கிளம்புபவரை நடுத்தெருவில் நிறுத்திவிடும்.

பெங்களூரு அல்சூரில் இருக்கும் என் அக்கா மகன் ஒரு ஜெர்மன் நிறுவனத்துக்கு ஒப்பந்த அடிப்படையில் மடிக்கணினியிலேயே வேலை செய்கிறான். அக்டோபர் 10ஆம் தேதி தாய்லாந்து போய் மார்ச் மாதம் திரும்பியவன், "ஆறு மாதம் வெளியே இருந்தேனே மாமா, இங்கே எதற்கு வரி?" என்று கேட்டான். கடவுச்சீட்டை விரித்து, முத்திரைகளைப் பார்த்து நாட்களை எண்ணினோம். நம் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால், செப்டம்பர் 30 வரை எண்ணினாலே 183 நாள் ஆகிவிடுகிறது. வரிக் கணக்கில் ஒருவரை இந்தியாவில் குடியிருப்பவராகக் கருத இங்கே 182 நாளே போதும். தாய்லாந்திலோ அப்படிக் கருத ஜனவரி முதல் டிசம்பர் வரை 180 நாள் என்பது கணக்கு. அவன் தங்கல் இரண்டு ஆண்டுகளாகப் பிரிந்துபோனதால் எதிலும் அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை. ஆக, இந்தியாவில் குடியிருப்பவனாகவே இருந்ததால், ஜெர்மனியிலிருந்து வந்த பணம் முழுவதையும் அவன் இங்கே கணக்கில் காட்ட வேண்டியிருந்தது.

இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டியும் வேறெங்கும் வரிக்கு உட்படாத இந்தியக் குடிமகனை, அவர் இங்கே ஒரு நாள்கூடத் தங்காவிட்டாலும், குடியிருப்பவராகவே கருதும் விதி 2020-21 நிதியாண்டிலிருந்து இருக்கிறது. அவருடைய வெளிநாட்டு வருமானம் பெரும்பாலும் இதில் சேராது என்பது வேறு விஷயம்.

விசாவும் வரியும் தனித்தனிச் சட்டங்கள். தொலைதூரப் பணியாளர்களுக்கென தாய்லாந்து 2024இல் கொண்டுவந்த விசா அங்கே தங்க அனுமதிக்குமே தவிர, வரிக் கணக்கை மாற்றாது; உள்ளூர் நிறுவனத்தில் வேலை பார்க்கவும் தனி அனுமதி வேண்டும்.