லாக்ரிமே மரணப்படுக்கைப் படைப்பா?

ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் 'லாக்ரிமே', அவர் சாகும் தறுவாயில் வயலாவுக்கும் (வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியம்) ஸ்ட்ரிங் ஆர்கெஸ்ட்ராவுக்கும் (தந்தி வாத்தியக் குழு) எழுதிய விடைபெறல் என்று சொல்லியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. 1976-ல் செய்தது ஆர்கெஸ்ட்ரா வடிவம் மட்டுமே (ஓபஸ் 48ஏ, அதாவது படைப்பு எண்). வயலா வாசிப்பவரான செசில் அரனோவிட்ஸுக்காகச் செய்தார், அதே ஆண்டு டிசம்பரில் பிரிட்டன் காலமானார். மூலப் படைப்பு 1950-ல், வில்லியம் பிரிம்ரோஸ் என்ற வயலாக் கலைஞருக்காக, வயலாவும் பியானோவும் வைத்து எழுதியது. அப்போது பிரிட்டனுக்கு வயது 36! அந்தச் சோகம் நோயாளியுடையது அல்ல, சுமார் நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய இசையமைப்பாளர் ஜான் டௌலண்டின் பழைய பாட்டிலிருந்து வந்தது.

'முதலில் மெட்டு, பிறகு மாறுபாடுகள்' (அதே மெட்டை மாற்றி மாற்றி வாசிப்பது) என்று நீங்கள் சொன்னதும் தலைகீழ். தொடக்கத்தில் டௌலண்டின் மெட்டு கீழ்ஸ்தாயியில் அரைகுறையாகத்தான் எட்டிப்பார்க்கும். மேலே வயலா நடுங்கிக்கொண்டிருக்கும், காது கொடுத்தால்தான் பிடிபடும். ஆறாவது மாறுபாட்டில் டௌலண்டின் இன்னொரு பாட்டான 'ஃப்ளோ மை டியர்ஸ்' வேறு நுழைகிறது. இத்தனை அலைச்சலும் அடங்கிய பிறகு, கடைசியில்தான் முதல் பாட்டு டௌலண்டின் சொந்த ஸ்வரச் சேர்க்கையோடு தெளிவாக வரும். எனக்கு முதல்முறை கேட்டபோது அந்த இடத்தில் புல்லரித்தது. பியானோ வடிவத்தையும் ஒருதரம் கேட்டுப் பாருங்கள், இன்னும் வறண்டு, கூர்மையாக இருக்கும்.