ஜெங் மீது அந்தக் களங்கம் இல்லை

கோர்கி ஜெங், 2013-இல் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் பட்டம் வென்ற லூயிவில் பல்கலைக்கழக அணியின் வீரர். 'ஜெங் செய்த தவறால்தான் லூயிவில் அந்தப் பட்டத்தை இழந்தது, அவருடைய ஆட்டப் புள்ளிவிவரங்களும் அழிக்கப்பட்டன' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது பாதி உண்மை. அந்தப் பாதிதான் ஆபத்தானது.

2018-இல் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு பட்டத்தை ரத்து செய்தது உண்மை. ஆனால் விவகாரத்தின் மையத்தில் இருந்தவர் கூடைப்பந்து அணியின் ஊழியர் ஒருவர். விடுதியில் அவர் செய்த முறைகேடான ஏற்பாடுகளே காரணம். ஜெங் சும்மா இருந்துவிடவில்லை. லூக் ஹான்காக் உள்ளிட்ட நான்கு முன்னாள் சக வீரர்களுடன் சேர்ந்து என்சிஏஏ மீது வழக்குத் தொடுத்தார். 2019-இல் சமரசம் ஏற்பட்டது: பட்டம் திரும்பவில்லை, ஆனால் அந்த ஐவரின் புள்ளிவிவரங்களும் விருதுகளும் மீட்கப்பட்டன. இதை விட்டுவிட்டு எழுதுவது பெரிய அநியாயம்.

மிச்சிகனுக்கு எதிரான இறுதிப் போட்டியைப் பாருங்கள்: 8 புள்ளிகள், 8 ரீபவுண்டுகள் (கூடை தவறித் திரும்பிய பந்தைப் பிடிப்பது), 6 அசிஸ்ட்டுகள் (சக வீரர் கூடை போடும்படி பந்தைக் கொடுப்பது), 3 பிளாக்குகள் (எதிரணியின் எறியைத் தடுப்பது). கூடைக்கு அருகில் ஆடும் நெடிய சென்டர் ஒருவர் ஆறு முறை சக வீரரின் கூடைக்கு வழிசெய்தார்! செனகலின் கெபெமெரில் பிறந்து, தியேஸ் நகரப் பயிற்சிக் கூடத்தில் தேறி வந்தவர் அவர். அதே ஆண்டு, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வின் டிராஃப்டில் (அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) யூட்டா அணி அவரை 21-ஆவதாக எடுத்து, உடனே மினசோட்டா அணிக்குக் கொடுத்தது. முதல் பருவத்திலேயே ஹூஸ்டனுக்கு எதிராக 22 புள்ளிகள், 21 ரீபவுண்டுகள். பதிவைத் திருத்திவிடுங்கள், நண்பரே.